கயிறு இறங்குது, அக்கா இறங்கல



யாங்கோனின் பழைய அடுக்குமாடிகளில் லிஃப்ட் கிடையாது. குறுகலான, செங்குத்தான படிக்கட்டுதான். அதனால் பால்கனிகளிலிருந்து தெரு வரைக்கும் கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். கீழே நிற்பவர் பேப்பரையோ காய்கறியையோ மாட்டிவிட்டால் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். எங்கள் பெரியம்மா வீடு ஐந்தாவது மாடி. அந்தக் கயிற்றில் கீரை ஏறுது, மருந்து ஏறுது, காசு இறங்குது. பெரியம்மா மகள், எங்க அக்கா, அவங்க மட்டும் இறங்க முடியாது.

அக்காவுக்கு வயது 38. பிறந்ததிலிருந்து பெருமூளை வாதம். செரிப்ரல் பால்சி என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கால் தசைகள் இறுகியே இருக்கும், பேச்சு நிதானமாக வரும். வாரம் ஒரு நாள் தம்பி அவங்களை முதுகில் சுமந்து கீழே இறக்குவான். தேநீர்க் கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தெருவைப் பார்ப்பாங்க. 2024 பிப்ரவரி 10 அன்று ராணுவ ஆட்சி கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. 18 முதல் 35 வயது வரையிலான ஆண்கள் எல்லோரும் அதன் பிடிக்குள் வந்தார்கள். தம்பி எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அக்கா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ராணுவம் அந்த வீட்டுக் கதவைத் தட்டவே இல்லை. ஆனால் அக்காவின் முழங்கால் மூட்டு வரைக்கும் வந்துவிட்டது.

இந்த நிலைக்குக் காரணமான மூளைக் காயம் வயதோடு பெரிதாவதில்லை. ஆனால் உடம்பு தேயும். இறுகிய தசை சுருங்கிக்கொண்டே போகும். மூட்டு மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். வலியும் களைப்பும் கூடும். சின்ன வயதில் நடந்துகொண்டிருந்த பலர் மற்றவர்களுக்கு வெகு முன்பே நடையை இழக்கிறார்கள். பயிற்சி மூளையைக் குணமாக்காது, அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீங்க. ஆனால் நாற்காலியிலிருந்து எழும் பலம், கழிப்பறைக்குப் போய் வரும் சக்தி, ராத்திரி வலியில்லாத தூக்கம், இவையெல்லாம் பயிற்சியை நம்பித்தான் இருக்கு. தசையை வலுப்படுத்தினால் இறுக்கம் கூடும் என்று பல பத்தாண்டுகள் பயமுறுத்தினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டிவிட்டன.

ஆனாலும் இதைக் குழந்தைகளின் பிரச்சினையாகவே உலகம் நடத்துகிறது. பதினெட்டு வயசு முடிஞ்சா தெரபியும் முடிஞ்சுது. பிரிட்டனில் நைஸ் அமைப்பு குழந்தைகள், இளையோரின் தசை இறுக்கத்துக்கான வழிகாட்டுதலை 2012இல் வெளியிட்டது. பெருமூளை வாதம் உள்ள பெரியவர்களுக்கானது 2019 ஜனவரியில்தான் வந்தது. பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி. குறைந்த, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் பத்து லட்சம் பேருக்குப் பத்து மறுவாழ்வு சிகிச்சையாளர்கள் கூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மியான்மரில் 2021 பிப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததும் ஒத்துழையாமையைத் தொடங்கிவைத்தவர்களே அரசு மருத்துவமனை ஊழியர்கள்தான். பலர் கைதானார்கள், பலர் தலைமறைவானார்கள். அவர்களுக்கு நம் செவ்வணக்கம். அந்தப் போராட்டத்தின் விலையில் ஒரு பங்கை ஐந்தாவது மாடியில் முடங்கிக் கிடப்பவர்களும் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

அதனால்தான் டொராண்டோவில் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு, யாங்கோனில் ஞாயிறு காலை 7.30க்கு, நம் பிசியோதெரபிஸ்ட் தோழர் ஒருவர் அக்காவுக்கு போன் செய்கிறார். "மெதுவா எழுந்திருங்க அக்கா. பெரியம்மா பக்கத்துல நிக்கட்டும். வலிச்சா உடனே நிறுத்திடுங்க." நாற்பது நிமிஷம், அவ்வளவுதான். இந்தச் சின்ன வேலையை நம்ம ஆட்களே இரண்டு பக்கமிருந்தும் கெடுக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பக்கம், "முதலில் சர்வாதிகாரம் விழட்டும்" தோழர்கள். "அங்க குண்டு விழுது, நீங்க எக்சர்சைஸ் சொல்லித் தர்றீங்களா?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். தோழர், ஆட்சி மாறும் வரைக்கும் மூட்டு காத்திருக்காது. சுருங்கிப்போன தசைநாண் விடுதலை நாளன்று தானாக நீளாது. பெண்கள் பிரச்சினையை அப்புறம் பார்க்கலாம், சாதியை அப்புறம் பார்க்கலாம் என்று நமக்குச் சொல்லப்பட்ட அதே பழைய பல்லவிதான் இது. யாருடைய உடம்பு அப்புறம் பார்க்கப்படுதோ, அவங்களுக்கு அந்த அப்புறம் வந்ததே இல்லை.

இரண்டாவது பக்கம், "ஒரு ஆப் பண்ணிடலாம்" தோழர்கள். வார இறுதி ஹேக்கத்தான், அழகான லோகோ, கேமரா மூட்டின் கோணத்தை அளக்குமாம். எந்தக் கரண்ட்டில் ஓடும்? யாங்கோனில் மின்சாரம் முறைவைத்து வருகிறது, முறை வைத்த நேரத்திலும் வராமல் போகிறது. ஃபேஸ்புக் 2021 பிப்ரவரி 4 முதல் தடை. 2024 மே கடைசியிலிருந்து விபிஎன்களையும் முடக்க ஆரம்பித்தார்கள். 2025 ஜனவரி 1 அன்று இயற்றிய சைபர் பாதுகாப்புச் சட்டம் அனுமதியில்லாமல் விபிஎன் சேவை நடத்துவதைக் குற்றமாக்கியது. தெருவில் நிறுத்திப் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். நீங்கள் இங்கிருந்து உற்சாகத்தில் அனுப்பும் ஒரு போராட்ட மீம், பயிற்சி பேசும் அதே சாட்டில் இருந்தால், மாட்டப்போவது நீங்கள் இல்லை, பெரியம்மா.

இன்னொன்றும் உண்டு. தொலைபேசிப் பயிற்சி ஓர் ஊன்றுகோல், அவ்வளவுதான். அதை லட்சியமாக்கிவிடாதீங்க. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார். அந்தத் திட்டத்தின் தன்னார்வப் பெண்களுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகை போதாது என்று நாம் சண்டை போடலாம், போடணும். ஆனால் பொதுப் பணத்தில், வீட்டு வாசலில், ஒரு மனிதக் கை வந்து நிற்பது சாத்தியம் என்பதை அது காட்டுகிறது. மியான்மர் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2011இல் ஏற்றது, 2015இல் சட்டமும் இயற்றியது. அந்த வாக்குறுதி இன்னும் கடனாகவே நிற்கிறது. "அதான் வீடியோ கால் இருக்கே" என்று நாளைக்கு எந்த அரசும் கை கழுவ நம் வேலை சாக்காகிவிடக் கூடாது.

கடைசியாக, யார் முடிவு செய்வது? ஜீஜா கோஷ் பெருமூளை வாதம் உள்ள உரிமைச் செயற்பாட்டாளர். 2012இல் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு ஒரு கருத்தரங்குக்குக் கிளம்பியவரை, ஏறி உட்கார்ந்த விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். 2016 மே 12 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஓர் உடம்பைப் பார்த்ததுமே இவரால் முடியாது என்று அடுத்தவர் தீர்மானிக்கிற அந்த அதிகாரம் விமானத்தில் மட்டும் இல்லை. கேமராவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நம்மிடமும் இருக்கு. நம் தோழர் முதல் மாதம் பத்தடி நடப்பதை இலக்காக வைத்தார். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாங்க: "நடந்து எங்க போறது? டீக்கடைல முதுகு சாய இல்லாத குட்டி ஸ்டூல் இருக்கு பாரு, அதுல சாயாம உட்காரணும். அதுக்குச் சொல்லிக் குடு." இப்போது அதற்குத்தான் பயிற்சி நடக்கிறது.

ஆகவே, சேர விரும்புகிறவர்களுக்கு நம் நிபந்தனைகள். முதல் பரிசோதனையை அங்கேயே ஒரு சிகிச்சையாளர் நேரில் செய்யணும், அவருக்கு உரிய கூலியை நாம் கொடுக்கணும். பயிற்சிகள் படத்தோடு காகிதத்தில், பர்மிய மொழியிலும் தமிழிலும் வீட்டில் இருக்கணும், கரண்ட் போனாலும் காகிதம் போகாது. நேரத்தை அவங்க வீட்டு மின்சாரம் தீர்மானிக்கும், உங்க காலண்டர் இல்லை. பதிவு செய்யக் கூடாது, நிதி திரட்ட அழுமூஞ்சி வீடியோ எடுக்கக் கூடாது, அந்தச் சாட்டில் அரசியல் பேசக் கூடாது. பக்கத்தில் நின்று தாங்கும் பெரியம்மாவுக்கும் 70 தாண்டிவிட்டது. அந்த உழைப்புக்கும் ஓய்வு வேண்டும், அதற்கும் பணம் ஒதுக்கணும்.

ஆப்புக்கு என்று சேர்த்த பணத்தை வேறு ஒன்றுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். அக்காவைச் சுமந்து இறக்கி ஏற்ற அதே கட்டடத்தில் இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள், மாதம் இரண்டு முறை, கூலிக்கு. ஸ்டூலுக்கு முதுகு தயாராகும்போது தெருவும் தயாராக இருக்கணும்.

ஒரு மாதம் வந்துவிட்டுக் காணாமல் போகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். போன் வராத ஞாயிற்றுக்கிழமையை அக்கா மறக்க மாட்டாங்க. ஒரு வருஷம், வாரம் ஒரு மணி நேரம், தவறாமல் வர முடியும் என்றால் மட்டும் இந்த மடலுக்குப் பதில் எழுதுங்க.

தோழமையுடன்.