தப்பாக வந்தால்தான் என்ன?

பூனையை மடியில் வைத்துக்கொண்டு காபி குடிக்க ஒரு கடை... பணிப்பெண் வேஷம் போட்டவர்கள் 'எஜமானே, வாங்க' என்று வரவேற்க ஒரு கடை... ஜப்பான்காரர்களின் ஓட்டல் கூத்துக்கு அளவே இல்லை! சிரிப்பு வருகிறதா? இதையும் கேளுங்கள்.

2017-ல் டோக்கியோவில் சில நாட்கள் மட்டும் ஒரு ஓட்டல் நடந்தது. பெயரே 'ஆர்டரைத் தப்பாக எடுக்கும் உணவகம்'! பரிமாறியவர்கள், டிமென்ஷியா என்கிற மறதி நோய் உள்ள பெரியவர்கள். ஒன்று கேட்டால் இன்னொன்று வரும். வந்தவர்கள் அது தெரிந்தேதான் வந்தார்கள், சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

தொடங்கியவர் ஷிரோ ஓகுனி என்ற டி.வி. இயக்குநர். மறதி நோயாளிகள் சேர்ந்து வாழும் ஓர் இல்லத்துக்குப் படம் பிடிக்கப் போயிருந்தார். சாப்பாட்டுக்கு ஹாம்பர்கர் என்று நினைத்திருந்தார். வந்ததோ நம்ம கொழுக்கட்டை மாதிரியான 'கியோசா'! கேட்க வாயெடுத்தவர், எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிடுவதைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அங்கே பிறந்த யோசனைதான் இது.

என்னைக் கேட்டால், இதை வேடிக்கை என்று ஒதுக்கக்கூடாது. டிமென்ஷியாவைக் குணமாக்க மருந்து கிடையாது. புதுசாக நடப்பதுதான் முதலில் மறக்கும். கை பழகிய வேலை வெகுநாள் தங்கும். 'உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா உட்காரு' என்று அதட்டினால், மிச்சமிருக்கும் தெம்பும் போய்விடும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருக்கிறாரா? அடுப்பு, கத்தி பக்கம் மட்டும் தனியாக விடாதீர்கள். மற்றபடி கீரை ஆயட்டும், துணி மடிக்கட்டும். கோணல்மாணலாக மடித்தால் குடியா முழுகிவிடும்?