சிக்கரிக்கு எதற்கு வெட்கம்?

பெருநகரங்களின் புதுவகைக் காபி கடைகளில் வியட்நாம் காபி கேட்டால், கண்ணாடி டம்ளரின் தலையில் ஒரு சின்ன உலோகக் குவளையை வைத்துக் கொண்டுவந்து தருகிறார்கள். குவளையின் அடியில் துளைகள், உள்ளே தூள், தூளை அழுத்த ஒரு தட்டு. வெந்நீர் ஊற்றியதும் கறுத்த டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கி, கீழே கெட்டியாகக் கிடக்கும் கன்டென்ஸ்டு மில்க்கின் மேல் விழுகிறது. அந்தக் குவளைக்கு ஃபின் என்று பெயர். நம் வீட்டுப் பித்தளை ஃபில்டருக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. நம்முடையது நிதானமாக இறங்கும், அது சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஃபின்னின் சொட்டுகளை ஆசையோடு எண்ணுகிற அதே ஆட்கள், ‘ரோபஸ்டா’, ‘சிக்கரி’ என்ற சொற்களைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். வியட்நாமில் விளையும் காபியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ரோபஸ்டாதான் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

உலகக் காபி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு. பிரெஞ்சு பாதிரிமார் 1857இல் அங்கே காபிச் செடியைக் கொண்டுசேர்த்தார்கள். புதுப்பால் எளிதில் கிடைக்காத நாடு என்பதால் டப்பாப் பால் வந்து ஒட்டிக்கொண்டது. 1946இல் ஹனோயில் பால் தட்டுப்பாடு. மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஜாங், பாலுக்குப் பதிலாக முட்டையின் மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காபியின் மேல் ஊற்றினார். இன்று ஹனோய்க்குப் போகிற சுற்றுலாப் பயணி வரிசையில் நின்று குடிக்கும் முட்டைக் காபி இப்படி வந்ததுதான். சிக்கரியின் கதையும் வேறல்ல. நெப்போலியன் காலத்து வணிகத் தடையால் ஐரோப்பாவுக்குக் காபிக்கொட்டை வராமல் போனபோது, பிரெஞ்சுக்காரர்கள் சிக்கரிச் செடியின் வேரை வறுத்துக் கலந்து குடித்தார்கள். தட்டுப்பாடு போனபிறகும் ருசி நிலைத்துவிட்டது. முட்டையைக் கொண்டாடிவிட்டு வேரை மட்டும் இழிவாகப் பார்ப்பதற்கு என்ன நியாயம்?

காபிக்கொட்டையில் அராபிகா வகைதான் உயர்ந்தது, ரோபஸ்டா மட்டம் என்பது முதல் மறுப்பு. பால் சேர்க்காமல், சர்க்கரை போடாமல் குடிப்பவருக்கு அது சரிதான். அராபிகாவின் மெல்லிய புளிப்பும் பூமணமும் அங்கே தெரியும். கொதிக்கக் கொதிக்கப் பால் ஊற்றி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு, டவராவில் ஆற்றிக் குடிக்கிற நமக்கு அந்த நுட்பத்தில் பாதி பாலிலேயே கரைந்துபோகும். பாலைத் தாண்டி நாக்கில் நிற்பது ரோபஸ்டாவின் கசப்பும் கனமும். அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு காஃபீன் அதில் உண்டு. திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையோரம் இருக்கும் பொதட்டூர்பேட்டை போன்ற விசைத்தறி ஊர்களில், தறிச் சத்தத்துக்கு நடுவே நிற்கிறவர் ஒரு டம்ளர் காபியிடம் எதிர்பார்ப்பது பூமணத்தை அல்ல. இந்தியக் காபி விளைச்சலிலும் சுமார் 70 சதவீதம் ரோபஸ்டாதான். அதை மட்டம் என்று நாம் ஒதுக்க, எஸ்பிரஸோவில் நுரையும் திடமும் வேண்டுமென்று இத்தாலிக்காரர்கள் வாங்கிப்போகிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஐந்து இந்தியக் காபிகளில் ஆந்திராவின் அரக்கு அராபிகா இருப்பதைப் பலர் அறிவார்கள். வயநாடு ரோபஸ்டாவும் அதே பட்டியலில் இருப்பதை யாரும் பேசுவதில்லை.

சிக்கரி கலப்படம்தானே என்பது அடுத்த மறுப்பு. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சிக்கரியில் காஃபீன் கிடையாது, விலையும் காபிக்கொட்டையைவிடக் குறைவு. காபிக்குக் காசு வாங்கிக்கொண்டு பாதிக்குப் பாதி வேரைக் கொடுத்தால் அது ஏமாற்றுத்தான். ஆனால் ஏமாற்று இருப்பது மறைப்பதில், கலப்பதில் அல்ல. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு காபி, எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையில் இந்த மறைப்புக்கே இடமில்லை. பீபரியா, பிளான்டேஷன் ஏ-யா, ரோபஸ்டா எத்தனை, சிக்கரி எத்தனை என்று கேட்டு, நம் கண்ணெதிரே நிறுத்துப் போட்டு அரைக்கிறார்கள். அதே தூள் ஓட்டலுக்குள் நுழைந்ததும் கணக்கு காணாமல் போகிறது. நெடுஞ்சாலைக் கடைகளில் பித்தளை டம்ளர் பளபளக்கிறது, பலகையில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று கொட்டை எழுத்து. டிகிரி என்ற சொல் பாலைக் குறித்ததா, டிகாக்‌ஷனைக் குறித்ததா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டையைவிட, டம்ளருக்குள் என்ன விகிதம் என்பதுதான் குடிப்பவருக்கு வேண்டிய செய்தி.

வியட்நாமை அப்படியே பின்பற்றச் சொல்கிறீர்களா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. அந்த நாட்டு மலைகளில் காபிக்காகக் காடு அழிந்தது, நிலத்தடி நீர் இறங்கியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கொட்டை மலிந்து உலகெங்கும் விலை சரிந்தபோது விவசாயிகள் நொடித்துப்போனார்கள். நிழல்மரங்களுக்கு அடியில் காபி வளர்க்கும் நம் மலைகளுக்கு அந்த வழி வேண்டாம். மக்காச்சோளத்தையும் சோயாவையும் வறுத்துக் கலக்கிறார்கள் என்ற புகாரும் அங்கே உண்டு. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: தங்கள் கொட்டை ரோபஸ்டா, தங்கள் பால் டப்பாப் பால் என்று கூசாமல் சொல்லி, அதையே உலகத்துக்கு விற்றார்கள். நாமோ சிக்கரியைக் குடித்துக்கொண்டே ‘ப்யூர் காபி’ என்று எழுதிய பலகையைத் தேடுகிறோம்.

சின்னக் கடைக்காரர் விகிதம் எழுதி வைப்பாரா என்று சந்தேகிக்கலாம். விலைப்பட்டியலில் காபிக்கு நேரே ‘80க்கு 20’ என்று எழுத ஒரு சாக்பீஸ் போதும். தூளில் சிக்கரி இருக்கிறதா என்று சந்தேகப்படுபவர் வீட்டிலேயே சோதிக்கலாம்: குளிர்ந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் ஒரு சிட்டிகைத் தூளைத் தூவினால் காபி மேலே மிதக்கும், சிக்கரி பழுப்பு நிறக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். பாக்கெட்டுக்கு இருக்கும் விதியை ஓட்டல் பலகைக்கும் உணவுப் பாதுகாப்புத் துறை நீட்டிக்க வேண்டும். அதுவரை, காபிக்குக் காசு கொடுக்கும்போது சிக்கரி எத்தனை சதவீதம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.