தெருவுக்கு ஒரு மைக் போய், ஆளுக்கு ஒரு பிரசாரம் வந்தாச்சு!

ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, ‘வாக்காளப் பெருமக்களே...’ என்று வரும் குரல் நினைவிருக்கிறதா? காதைப் பொத்திக்கொள்வோம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஜன்னலைச் சாத்துவார்கள். ஆனால், அந்தச் சத்தத்தில் ஒரு நியாயம் இருந்தது. தெருமுனை டீக்கடைக்காரருக்குக் கேட்டதுதான் மாடி வீட்டு வாத்தியாருக்கும் கேட்டது. பொய் சொல்லிவிட்டுப் போனால், மறுநாள் அதே தெருவுக்கு வரும் எதிர்க்கட்சி ஆட்டோ அதற்குப் பதில் சொல்லும்.

ஆட்டோ இப்போதும் வருகிறது. ஆனால், பாதிப் பிரசாரம் நம் சட்டைப்பைக்குள் நடக்கிறது. உங்கள் போனுக்கு வருவது பக்கத்து வீட்டுக்காரர் போனுக்கு வருவதில்லை. ஒரே வீட்டில் அப்பாவுக்கு வருவது மகளுக்கு வருவதில்லை. கட்சிகள் என்ன சொன்னார்கள் என்பதே நமக்குள் பொதுவாக இல்லை. இணையம் தேர்தலை எப்படி மாற்றியது என்று கேட்டால் பலரும் மீம்ஸையும் டிரெண்டிங்கையும் சொல்வார்கள். நான் இதைத்தான் சொல்வேன்.

போனுக்குள் நுழையும் ஆசை கட்சிகளுக்குப் புதிதில்லை. 2004 நாடாளுமன்றத் தேர்தலிலேயே, வாஜ்பாயின் பதிவு செய்யப்பட்ட குரல் வாக்காளர்களின் போனில் ஒலித்தது. (அந்தத் தேர்தலில் அவர் கட்சி தோற்றது தனிக்கதை.) அன்று ஒரு பதிவை மொத்தமாக அனுப்பினார்கள். இன்று ஆள் பார்த்து அனுப்புகிறார்கள்.

எப்படி என்று நீங்களே பார்க்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா, ‘ஆட் லைப்ரரி’ என்றொரு பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறது. கணக்குகூட வேண்டாம். நாடு இந்தியா, வகை அரசியல் என்று தேர்வு செய்து, ஒரு கட்சியின் பெயரையோ தலைவரின் பெயரையோ தட்டினால் போதும். யார் காசு கொடுத்த விளம்பரம், ஏறத்தாழ எவ்வளவு செலவு, எந்த வயதினர் பார்த்தார்கள், ஆண்களா பெண்களா என எல்லாம் வரும். கூகுளிலும் இதேபோல ஒரு பக்கம் உண்டு. டீ குடிக்கும் நேரத்தில் ஒருமுறை மேய்ந்து பாருங்கள். இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு, பெண்களுக்கு உரிமைத் தொகை என்று ஒரே கட்சி ஆளுக்கு ஒரு முகம் காட்ட முடிகிற வசதி இது.

கட்சியின் பெயரே இல்லாத பக்கங்களும் அங்கே சிக்கும். ஏதோ ரசிகர் மன்றம் மாதிரி, செய்திச் சேனல் மாதிரி பெயர் வைத்துக்கொண்டு காசு இறைப்பவை. ஒன்று மட்டும் சிக்காது. சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே, ‘நம்ம அண்ணன் நல்லா பண்றாரு, என்ன ஃப்ரெண்ட்ஸ்?’ என்று ரீல் போடுபவர் கையில் நேரடியாகக் காசு வாங்கியிருந்தால், அது எந்த லைப்ரரியிலும் ஏறாது.

தேர்தல் ஆணையம் இதையெல்லாம் கவனிக்கவில்லையா? 2013-லேயே கவனித்தது. வேட்பாளர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை வேட்புமனுப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். இணைய விளம்பரத்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். அதை நடத்தும் ஆட்களின் சம்பளம்கூடத் தேர்தல் செலவுக் கணக்கில் வர வேண்டும். நல்ல விதிகள். ஆனால், அவை பிடிப்பது வேட்பாளரை. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் 40 லட்சம், நாடாளுமன்ற வேட்பாளர் 95 லட்சம் வரை செலவு செய்யலாம் என்று 2022-ல் உச்சவரம்பை உயர்த்தினார்கள். கட்சிக்கு உச்சவரம்பே கிடையாது. அந்த ரசிகர் மன்றப் பக்கத்தை யார் கணக்கில் எழுதுவது?

இதற்கிடையில் செத்தவர்களும் பிரசாரத்துக்கு வந்துவிட்டார்கள். 2024 ஜனவரியில், டி.ஆர்.பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில் செயற்கை நுண்ணறிவில் உருவான கலைஞர் திரையில் தோன்றிப் பேசினார். மகன் ஸ்டாலினின் ஆட்சியையும் பாராட்டினார். அடுத்த மாதமே, ஜெயலலிதாவின் பிறந்த நாளில் அவர் குரலை அதே வழியில் உருவாக்கி வெளியிட்டது அ.தி.மு.க. இரண்டு கட்சிகளுமே ஒளிவுமறைவாகச் செய்யவில்லை. ஆனாலும், எங்கள் பெரியம்மாவுக்கு அந்தக் குரல் வாட்ஸ்அப்பில் வந்தபோது, அது எப்படி உருவானது என்கிற விவரம் கூடவே வரவில்லை. குரல் மட்டும்தான் வந்தது.

“அம்மா பேசினதைக் கேட்டியாடி?”

“பெரியம்மா, அது கம்ப்யூட்டர்ல பண்ணினது.”

“அது எனக்குத் தெரியாதா? அவங்க போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமாச்சு. ஆனா, கேட்கறப்ப கண்ணு கலங்கிடுச்சே, அதுக்கு என்ன பண்ணச் சொல்றே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. போலிச் செய்தியைக் கண்டுபிடிக்கப் பத்து வழிகள் என்று நாங்களும்தான் எழுதுகிறோம். போலி என்று தெரிந்தும் மனதைத் தொடுகிற ஒன்றுக்கு அந்தப் பத்தில் ஒன்றுகூட உதவாது. 2024 மே மாதம் ஆணையம் கட்சிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது: டீப்ஃபேக் பதிவு கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று. மூன்று மணி நேரத்தில் ஒரு வாட்ஸ்அப் ஆடியோ எத்தனை ஊர் தாண்டும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவே முடிந்திருந்தது.

அடுத்தது அந்தக் கடைசி 48 மணி நேரம். 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டம், ஊர்வலம் கூடாது. டி.வி.யில் பிரசாரம் கூடாது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை. மைக் சத்தம் ஓய்ந்த பிறகு வாக்காளர் அமைதியாக யோசிக்கட்டும் என்ற ஏற்பாடு. 2024-ல் ஏப்ரல் 17 மாலை தமிழ்நாட்டில் பிரசாரம் ஓய்ந்தது. தெருவில்தான் ஓய்ந்தது. எங்கள் குடும்பக் குரூப்பில் அன்று இரவுதான் சூடு பிடித்தது. மாமா ஒரு வீடியோ, சித்தப்பா அதற்கு எதிர் வீடியோ. நடுவில் யாரோ ஒருவர் குழந்தையின் பிறந்தநாள் போட்டோ போட, அதற்கு ஒரு லைக்கும் இல்லை, பாவம். இரட்டை அம்புக்குறியோடு வந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்துப் பாதியில் விட்டேன். அந்தக் குறி இருந்தால், குறைந்தது ஐந்து கைகள் மாறி வந்த செய்தி என்று பொருள். அனுப்பியவர் மாமாதான். ஆனால், எழுதியவர் அவரில்லை. மைக் ஆட்டோவாக இருந்தால் யார் குரல் என்று தெரியும். இங்கே மாமாவின் மேல் உள்ள மரியாதை, முகம் தெரியாதவரின் செய்திக்குப் போய்ச் சேருகிறது.

புகார் செய்யலாமே என்பீர்கள். ‘சி-விஜில்’ செயலி இருக்கிறது. பணம் கொடுப்பது, பரிசு கொடுப்பது போன்றவற்றைப் படம் எடுத்து அனுப்பினால், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஏற்பாடு. உண்மையிலேயே நல்ல வசதி, தெருவில் நடக்கும் தவறுக்கு அவசியம் பயன்படுத்துங்கள். ஆனால், அந்த இடத்தில், அந்தச் செயலியிலேயே எடுத்த படத்தைத்தான் அது ஏற்கும். கேலரியில் இருப்பதை ஏற்றாது. அதாவது, போனுக்கு வெளியே நடப்பதைப் போன் வழியே புகார் செய்யலாம். போனுக்குள்ளேயே வந்து விழுகிற பொய்யை அதில் புகார் செய்ய வழியில்லை.

இத்தனை ஆரவாரமும் வாக்குச்சாவடி வரை ஆளைக் கொண்டுவருகிறதா என்றால், அதுவும் சந்தேகம்தான். 2024-ல் தமிழ்நாட்டிலேயே அதிகம் வாக்குப் பதிவானது தருமபுரியில், 81 சதவிகிதத்துக்கும் மேல். குறைந்தது மத்திய சென்னையில், 54 சதவிகிதம்கூட இல்லை. வீடு மாறிப்போனவர்களின் பெயர்கள் பட்டியலில் அப்படியே இருப்பது நகரங்களின் பழைய பிரச்னை, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும், நாளெல்லாம் ஹேஷ்டேக் ஓட்டிய எத்தனை பேர் அன்று பூத் வரை போனார்கள் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

போனில் பார்க்க வேண்டிய அரசியல் இரண்டு உண்டு. இரண்டுமே ஃபார்வேர்டில் வராது, நாம்தான் தேடிப் போக வேண்டும். ஒன்று, ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள வேட்பாளரின் பிரமாணப் பத்திரம். சொத்து, கடன், வழக்கு எல்லாம் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. மற்றொன்று, வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர். இல்லையென்றால் படிவம் 6. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.