ஏடும் திரையும்

உடப்பிலும் கற்பிட்டியிலும் சிங்களம் கற்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விசித்திரமானதோர் இடர்ப்பாடு உண்டு. சிலாபச் சந்தையிலே மீன் விலை பேசும் சிங்களம் அவர்களுக்கு ஓரளவு பழக்கமானது. பாடநூலைத் திறந்தாலோ அதே மொழி அந்நியமாகிவிடுகிறது. குற்றம் பிள்ளைகளுடையதன்று. 'நான் போகிறேன்' என்பதைப் பேச்சிலே 'மம யனவா' என்பர். ஏட்டிலே 'மம யமி' என எழுதுவர். பேச்சு வினை நான், நீ, அவன் என்னும் வேறுபாடின்றிப் பெரும்பாலும் ஒரே வடிவாய் நிற்கும். எழுத்து வினையோ நம் தமிழ் வினையைப் போல எழுவாய்க்கேற்ப ஈறு மாறும். பேச்சு மட்டும் அறிந்தவன் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்டும்படி பிறரிடம் நீட்டுகிறான். ஏடு மட்டும் அறிந்தவன் அதே கந்தோரின் வாயிலில் வாயடைத்து நிற்கிறான்.

இவ்விரண்டையும் இணைக்க, இலக்கண விதிகளைக் காட்டிலும் நல்ல கதையொன்றே உதவும் என்பேன். மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் வெளியிட்ட 'கம்பெரலிய' நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் படமாக்கினார்; 1965இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் அது தங்கமயில் விருது பெற்றது. தென்கரைக் கிராமமொன்றிலே பெருங்குடும்பம் ஒன்று தளர்ந்துபோகும் கதை அது. பியல் என்னும் இளைஞன் அவ்வீட்டு மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வருகிறான், காதல் அரும்புகிறது. மொழிப்பாடம் நடத்துவோருக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி வேறேது? (நம் வகுப்புகளிலும் விளைவு அவ்வாறே அமையவேண்டுமென்று நான் சொல்லவில்லை.)

ஆனால், படத்தை ஓடவிட்டு ஆசிரியர் பின்வரிசையில் இளைப்பாறுவதை நான் ஒப்பேன். முதலில் ஓர் அத்தியாயம், பின்னர் அப்பகுதிக்குரிய பத்து நிமிடப் படம், மீண்டும் ஏடு. நந்தாவின் மனப்போராட்டத்தை நாவலாசிரியர் சொற்களால் விரிக்கிறார். திரையிலோ புன்யா ஹீந்தெனியவின் முகமே பேசுகிறது. அந்த மௌனத்துக்கு மாணவன் தன் சிங்களத்தில் இரண்டு வாக்கியம் எழுதட்டும்: ஒன்று நந்தா தோழியிடம் சொல்வதாகப் பேச்சு வழக்கில், மற்றது அவள் கடிதத்தில் வரைவதாக எழுத்து வழக்கில். திரை தராததை ஏட்டிலும், ஏடு தராததைத் திரையிலும் அவன் தானே தேடிக் கண்டுகொள்வான்.

தமிழும் இரட்டை வழக்குடைய மொழிதானே! தமிழ் கற்க முன்வரும் சிங்களப் பிள்ளைகளும் இதே இடரில் அகப்படுகின்றனர். அவர்களுக்குச் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' இருக்கிறது. 1978இல் அதுவும் படமாயிற்று. பருவத்திலே நெடுந்தீவுக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவர் கதை. இக்கரையோரத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவுரை வேண்டாத வாழ்க்கை. 'வாடி' என்னும் சொல்லைச் சிங்கள மீனவரும் 'வாடிய' என்றே வழங்குகின்றனர். முதற்பாடத்தை அச்சொல்லிலிருந்தே தொடங்கலாம்.