எம்மிட் ஸ்மித்தை விலக்கியது சரியா?

கால்பந்து என்றதும் நம் ஊர் ஆட்டத்தை நினைக்காதீர்கள்! இது அமெரிக்க ஆட்டம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடவேண்டும். எதிரிகள் மேலே பாய்ந்து கீழே தள்ளுவார்கள்.

இந்த ஓட்டத்தில் மன்னர், எம்மிட் ஸ்மித். 'டல்லாஸ் கௌபாய்ஸ்' அணிக்காக 13 ஆண்டுகள் ஓடினார். 1994 ஜனவரியில், தோள் மூட்டு விலகிய பிறகும் ஓடி, அணியை ஜெயிக்க வைத்தார்! 2002-ல், அதுவரை யாரும் ஓடாத தூரத்தை எட்டினார். நான்கே மாதத்தில் அணி அவரை விலக்கிவிட்டது. வயது 33.

நன்றி கெட்ட செயலா? இல்லை என்பேன். 13 ஆண்டு அடி வாங்கிய உடம்பு அது. அணியோ 3 ஆண்டுகளாக, ஆண்டுக்கு 16 ஆட்டத்தில் ஐந்தில்தான் ஜெயித்தது. மொத்தச் சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. ஒருவருக்கே அள்ளிக் கொடுத்தால் இளைஞர்களை எப்படிச் சேர்ப்பது?

அரிசோனா அணிக்குப் போனார். 2003-ல் எலும்பு முறிந்தது. ஆனால் மறு ஆண்டு, 35 வயதில், 937 கஜம் ஓடிக் காட்டினார் மனிதர்!

2005-ல் ஓய்வு பெற்றபோது, டல்லாஸ் அணி ஒரே ஒரு நாளுக்கு ஒப்பந்தம் போட்டு, தன் வீரராகவே அவரை வழியனுப்பியது.