கல்பாக்கம் முதல் அணு உலையை மீண்டும் இயக்குவது பற்றி எங்கள் நிலைப்பாடு

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 2018 ஜனவரி இறுதியில் நிறுத்தப்பட்டது. சீரமைப்பில் இருக்கிறது என்பதுதான் அதற்குப் பிறகு திரும்பத் திரும்பக் கிடைத்துவரும் பதில். அந்த உலையை என்ன செய்வது என்று கேட்டால், ஊருக்குள் இரண்டு குரல்கள் கேட்கின்றன. உடனே ஓட்ட வேண்டும் என்கிறார்கள் சிலர். உடனே மூட வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். உலையைச் சுற்றி வாழ்கிறவர்களும் அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பு, நீண்ட விவாதத்துக்குப் பிறகு இந்த முடிவுக்கு வந்திருக்கிறது.

உலையில் மாற்ற முடியாத பாகங்கள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆராய்ந்த அறிக்கை, முழுமையாக, தமிழில், மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அது நடக்கும்வரை மீண்டும் இயக்க அனுமதி தரக் கூடாது. அறிக்கையில் உலை தேறினால், இயக்குவதை நாங்கள் எதிர்க்க மாட்டோம். தேறாவிட்டால் நிரந்தரமாக மூடுவதாக அரசு அறிவிக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும், முன்கூட்டியே அறிவித்த ஒரு தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இந்த உலையின் மீது எங்களுக்குப் பகை இல்லை. 1974 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு கனடா தன் உதவியை நிறுத்திக் கைவிட்டுப் போனபோது, வெளியிலிருந்து உதவி இல்லாமல் நம் பொறியாளர்களும் தொழிலாளர்களும் கட்டி முடித்த உலை இது. 1983 ஜூலை 2 அன்று முதல் தொடர்வினை தொடங்கியது. 1984 ஜனவரி 27 முதல் வணிக உற்பத்தி. அந்தப் பெருமை எங்களுக்கும் உண்டு. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நன்றாகக் கட்டினோம் என்பது, இன்று அதை ஓட்டலாம் என்பதற்குச் சான்று ஆகாது.

வயதான கனநீர் உலையில் எது பிரச்சினை என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் நிலைப்பாடு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. கலாண்ட்ரியா என்கிற பெரிய உருளைத் தொட்டி கிடைமட்டமாகப் படுத்திருக்கிறது. அதற்குள் கனநீர். தொட்டியை ஊடுருவி 306 குழாய்த் தடங்கள் போகின்றன. எரிபொருள் கட்டுகள் அந்தத் தடங்களுக்குள் இருக்கின்றன. தொட்டியின் இரு முனைகளிலும் முனைக் கவசங்கள் குழாய்களைத் தாங்கியபடி கதிர்வீச்சையும் தடுக்கின்றன. கதிர்வீச்சும் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து முதலில் பழுதாக்குவது உள்ளே இருக்கும் அழுத்தக் குழாய்களைத்தான். அவை ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைகின்றன, நடுவில் தொய்கின்றன. கல்பாக்கம் உலை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1983 ஆகஸ்ட் 1 அன்று, கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் இதே வகைக் குழாய் ஒன்று பிளந்தது. அதன் பிறகுதான் உலகம் இந்த ஆபத்தை முழுதாக உணர்ந்தது. கல்பாக்கத்தில் இரு உலைகளிலும் அந்தக் குழாய்கள் அத்தனையும் 2002க்கும் 2006க்கும் இடையில் எடுக்கப்பட்டு, சிர்கோனியம் நியோபியம் கலவையில் செய்த புதிய குழாய்கள் பொருத்தப்பட்டன. பெரிய சாதனை அது.

குழாய்களை மாற்றலாம். கலாண்ட்ரியாவை நடைமுறையில் மாற்ற முடியாது. முனைக் கவசத்தையும் அப்படித்தான். இந்த மரபின் முதல் உலையான ராஜஸ்தான் முதல் உலையில் 1980களின் தொடக்கத்திலேயே முனைக் கவசத்தில் விரிசல் கண்டு கசிவு ஏற்பட்டது. அந்த உலை அதிலிருந்து முழுத் திறனுக்கு மீளவே இல்லை. கல்பாக்கத்திலும் 1980களின் இறுதியில் கலாண்ட்ரியாவுக்குள் கனநீரை விநியோகிக்கும் உள்குழாய்க் கூடுகள் உடைந்தன. அதன் விளைவாக 220 மெகாவாட் உலைகள் பல ஆண்டுகள் 170 மெகாவாட்டில் ஓடின. குழாய் மாற்றும் பணியின்போது அதற்கு மாற்று ஏற்பாடு செய்த பிறகே முழுத் திறன் திரும்பியது. எங்கள் கேள்வி அந்தத் தொட்டியைப் பற்றியது. அதன் சுவர், பற்றவைப்புகள், முனைக் கவசங்கள், அவற்றைச் சூழ்ந்த கான்கிரீட் அறை ஆகியவை எந்த நிலையில் உள்ளன? எத்தனை ஆண்டு தாங்கும் என்று எந்தக் கணக்கின்படி சொல்கிறார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் செலவைப் பற்றியும் மின்சாரத்தைப் பற்றியும் பேசுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

உலையின் மையம் மட்டும் நன்றாக இருந்தாலும் போதாது. 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோராவில், இதே 220 மெகாவாட் குடும்பத்தைச் சேர்ந்த உலையில், டர்பைனின் தகடுகள் முறிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்கள் வழியே பரவியது. முக்கிய மின்சாரமும் அவசர மின்சாரமும் ஒரே பாதையில் போன கேபிள்களில் இருந்ததால் இரண்டும் சேர்ந்து போயின. சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரமே இல்லை. ஊழியர்கள் டார்ச் விளக்கோடு மேலே ஏறி, கையால் வால்வைத் திறந்து போரான் கரைசலை இறக்கி, தொடர்வினை மீண்டும் எழாமல் காத்தார்கள். அன்று இந்தியாவைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். அந்த இரவில் ஆபத்தைக் கொண்டுவந்தவை டர்பைனும் கேபிளும்தான். உலையின் மையத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் நின்ற நிலையத்தில் கேபிள் உறை காய்ந்துபோகும், ரப்பர் அடைப்புகள் இறுகும், டீசல் ஜெனரேட்டர்களும் பம்புகளும் ஓடாமலே தேயும்.

நிறுத்தி வைத்த காலத்தில் எப்படிப் பராமரித்தார்கள் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2022 மே மாதம் மூடிய பாலிசேட்ஸ் நிலையத்தை மீண்டும் ஓட்ட ஹோல்டெக் நிறுவனம் முன்வந்தது. அமெரிக்க அரசு 150 கோடி டாலருக்கு மேல் கடன் உத்தரவாதம் தந்தது. பிறகு 2024இல் நீராவி உற்பத்திக் கலன்களைச் சோதித்தபோது, எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான குழாய்களில் அரிப்பு விரிசல்கள் தென்பட்டன. நூற்றுக்கணக்கான குழாய்களுக்குள் உறை செருகிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தச் சோதனை முடிவுகளை மிச்சிகன்காரர்கள் தங்கள் நாட்டின் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆவணங்களில் படிக்க முடிந்தது. எங்கள் உலையின் சோதனை முடிவுகளைப் பக்கத்து ஊர்களான சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் இருப்பவர்களும் அப்படிப் படிக்க வேண்டும்.

செலவு விஷயத்தில் கனடா நமக்குப் பாடம் எழுதி வைத்திருக்கிறது. கனநீர் உலைகளின் தாயகம் அது. பிக்கரிங்கில் 1997இன் இறுதியில் நிறுத்திய நான்கு உலைகளில் நான்காவது 2003இலும் முதலாவது 2005இலும் திரும்பி வந்தன. முதல் கணிப்பைவிடச் செலவு பல மடங்கு ஏறியதைப் பார்த்து, இரண்டாவதையும் மூன்றாவதையும் இனித் தொடுவதில்லை என்று 2005 ஆகஸ்டில் முடிவு செய்தார்கள். பாயின்ட் லெப்ரோ உலையை 18 மாதத்தில் புதுப்பித்துவிடலாம் என்று 2008இல் நிறுத்தினார்கள். கலாண்ட்ரியா குழாய்களின் இணைப்பு சரியாகப் பொருந்தாமல் போக, 380 குழாய்களையும் எடுத்து மறுபடியும் போட வேண்டியதாயிற்று. உலை ஓடியது 2012 நவம்பரில். கியூபெக் மாநிலத்தின் ஜென்டிலி இரண்டாம் உலையைப் புதுப்பிக்க 190 கோடி கனடிய டாலர் என்ற மதிப்பீடு 430 கோடி ஆனபோது, அங்குள்ள அரசு நிறுவனமே வேண்டாம் என்று சொல்லி 2012 டிசம்பரில் மூடிவிட்டது. பழைய உலையைத் திறந்து பார்க்கும்வரை அதன் உண்மையான விலை யாருக்கும் தெரியாது என்பதுதான் இதில் நாங்கள் கண்டது. அதனால்தான் இதுவரை எவ்வளவு செலவு, இனி எவ்வளவு, அதைத் தாங்கப் போவது யார் என்று கேட்கிறோம். ஏற்கனவே செலவழித்துவிட்டோம் என்பது மேலும் செலவழிக்கக் காரணம் ஆகக் கூடாது.

மின்சாரத்தின் தேவையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. 220 மெகாவாட் உலை முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் சுமார் 53 லட்சம் யூனிட் கிடைக்கும். காற்றாலைகள் ஓய்ந்துபோகும் மாதங்களில், சூரியன் மறைந்த பிறகு, அது பயன் உள்ள மின்சாரம். கரி எரிக்காமல் வருகிறது என்பதும் எங்களுக்கு முக்கியம். ஆனாலும் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே மாதமே 20,800 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இந்த உலையின் மின்சாரம் முழுவதும் நமக்கே வந்தாலும் அது நூற்றில் ஒரு பங்கு. இது இல்லாவிட்டால் மாநிலம் இருளில் மூழ்கிவிடும் என்று யாரும் பயமுறுத்த வேண்டியதில்லை. அவசரப்பட்டு அனுமதி தரவும் அது காரணம் ஆகாது.

கடலைப் பற்றிப் பேசாமல் கல்பாக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று இந்த முதல் உலை குழாய் மாற்றத்துக்காக நின்றிருந்தது. இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்து, குளிர்விக்கும் பம்புகள் நின்றன. பணியில் இருந்தவர்கள் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். பக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த அதிவேக ஈனுலையின் அடித்தளக் குழியில் கடல் நிரம்பியது. குடியிருப்பிலும் குப்பங்களிலும் உயிர்கள் போயின. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. புயல் என்றால் வெளி மின்சாரம் போகும், சாலையில் மரம் விழும், உலையில் அவசரம் என்றால் அதே இரவில்தான் அதுவும் வரக்கூடும். 16 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்கான அவசரகாலத் திட்டம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகளும் குடியிருப்புகளும் 1984இல் இருந்ததைப்போலவா இன்று இருக்கின்றன? இன்றைய மக்கள்தொகைக்கு, இன்றைய போக்குவரத்துக்கு, மழைக்கால இரவு ஒன்றில் அந்தத் திட்டத்தை ஒத்திகை பார்த்து, என்ன குறை கண்டார்கள் என்று மாவட்ட நிர்வாகம் கிராம சபைகளில் சொல்ல வேண்டும். உலைக்கு அனுமதி வருமுன் இது நடக்க வேண்டும்.

சீரமைப்பில் கதிர்வீச்சை வாங்கிக்கொள்கிறவர்களில் பெரும்பகுதி ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஐந்து ஆண்டுகளில் 100 மில்லிசீவர்ட், ஒரே ஆண்டில் 30க்கு மேல் கூடாது என்பது விதி. ஒப்பந்தம் முடிந்து வேறு ஊருக்குப் போகும் தொழிலாளியின் கையில் அவர் வாங்கிய அளவைப் பதிந்த அட்டை தமிழிலோ அவர் மொழியிலோ இருக்க வேண்டும். பணி முடிந்த பிறகும் மருத்துவப் பரிசோதனை தொடர வேண்டும். இதில் பேரம் பேச நாங்கள் தயாராக இல்லை.

வெளிப்படைத்தன்மையை நாங்கள் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதே வளாகத்தின் வரலாறும் ஒரு காரணம். 2003 ஜனவரியில் இங்குள்ள எரிபொருள் மறுசுழற்சி ஆலையில் வால்வு பழுதாகி, ஆறு ஊழியர்கள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஊருக்கு அது தெரிய வந்தது பல மாதங்கள் கழித்துத்தான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சட்ட அதிகாரம் இல்லை என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012இல் எழுதினார். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் வாரியத்துக்குச் சட்டத் தகுதி தருகிறது. வரவேற்கிறோம். அந்தத் தகுதியை மெய்ப்பிக்க வாரியத்துக்கு இந்த உலை நல்ல வாய்ப்பு. ஆய்வு அறிக்கையை வெளியிட்டு, வாரியத்தோடும் உலையை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தோடும் தொடர்பில்லாத உலோகவியல் வல்லுநர்களைக் கொண்டு அதைச் சரிபார்த்து, கல்பாக்கத்திலேயே பொது விசாரணை நடத்தட்டும். பாதுகாப்பு ரகசியம் என்று சொல்லத்தக்க பகுதிகள் இருக்கலாம், அவற்றை மறைத்துக்கொள்ளட்டும். ஒரு தொட்டியின் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்பது எந்த எதிரிக்கும் பயன்படாத தகவல்.

எங்களோடு நிற்கும் சில நண்பர்கள், இதெல்லாம் எதற்கு, இப்போதே மூடச் சொல்லுங்கள் என்கிறார்கள். அவர்கள் அக்கறையை மதிக்கிறோம். ஆனால் ஆய்வின் முடிவைப் பார்க்காமல் மூடச் சொல்வதும், பார்க்காமல் ஓட்டச் சொல்வதும் எங்களுக்கு ஒன்றுதான். வேலை போய்விடுமே என்று அஞ்சும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உலை மூடினால் அடுத்த நாளே கதவு பூட்டப்படுவதில்லை. எரிபொருளை எடுப்பது, கனநீரை வடிப்பது, பாகங்களைக் கழற்றுவது, கழிவைப் பாதுகாப்பது எல்லாம் பல பத்தாண்டு வேலை. அதில் உள்ளூர்க்காரர்களுக்கு முதலிடம் வேண்டும் என்று நாங்கள் இப்போதே கேட்கிறோம்.

மிக மோசமான வழி, எந்த முடிவும் எடுக்காமல் இருப்பது. ராஜஸ்தான் முதல் உலை 2004 அக்டோபரில் நின்றது. ஓட்டவும் இல்லை, மூடியதாக அறிவிக்கவும் இல்லை என்று ஆண்டுக்கணக்கில் கிடந்தது. கல்பாக்கத்துக்கு அது நேரக் கூடாது. அணுமின்சாரம் விற்கும்போது யூனிட்டுக்கு 2 பைசா வீதம் உலையைக் கலைக்கும் நிதிக்கு ஒதுக்கப்படுகிறது. ஓடாத உலை அந்த நிதிக்கு ஒரு பைசாவும் சேர்ப்பதில்லை, ஆனால் காவலும் பராமரிப்பும் ஒவ்வொரு நாளும் செலவு வைக்கின்றன. முதல் உலையைக் கலைக்க எவ்வளவு ஆகும், அதற்காகச் சேர்ந்த தொகை எவ்வளவு, குறைந்தால் யார் தருவார்கள் என்ற கணக்கை ஆய்வு அறிக்கையோடு சேர்த்து இந்திய அணுமின் கழகம் வெளியிட வேண்டும். இரண்டையும் எந்தத் தேதியில் தருவார்கள் என்று கேட்டு கழகத்துக்கும் வாரியத்துக்கும் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியருக்கும் எழுதுகிறோம். வரும் பதிலை, வராவிட்டால் வரவில்லை என்பதை, சுற்றியுள்ள ஒவ்வொரு கிராம சபையிலும் படித்துச் சொல்வோம்.