ஆர்வமின்மையா, அச்சமா?

இளைஞர்களுக்கு அரசியலில் நாட்டமில்லை என்பது எளிதான குற்றச்சாட்டு. 1989-இல் வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆனது. அரசியல் பழகும் களங்களோ விரியவில்லை. மாணவர் பேரவைத் தேர்தல் குறித்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் அத்தேர்தல் நடப்பதில்லை.

தலித் இளைஞருக்குக் கூடுதல் தடையும் உண்டு. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசன் 1997-இல் படுகொலை செய்யப்பட்டார். பாப்பாபட்டியில் 2006 வரை தேர்தலே முடக்கப்பட்டது. இந்த வரலாறு விளைவித்த அச்சத்தை ஆர்வமின்மை என்று அழைப்பது அநீதி.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் கிராம சபையில் பேசலாம். குடிநீர், சுடுகாட்டுப் பாதை, வரவு செலவுக் கணக்கு என எதையும் அங்கே கேட்கலாம். தனித்துக் கேட்பவரை மிரட்டுவது எளிது. ஆகவே, முதன்முறை எழுந்து பேசும் இளைஞரின் அருகில் இயக்கங்கள் அமர்ந்திருக்க வேண்டும். அறிவுரையைவிட அத்துணையே ஊக்கம்.